லைக்கார்ட் ஓவலுக்காகச் சண்டை போடும் டைகர்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ரசிகர்களே, குறிப்பாக ஹோம்புஷ் தொடங்கி பெண்டில் ஹில் வரை பரவிக் கிடக்கும் நம் தமிழ் ஆட்களே,

வணக்கம்.

நம் ரக்பி லீக் அணி ஆடும் சிட்னி லைக்கார்ட் ஓவல் மைதானத்தைப் புதுப்பிக்க 40 மில்லியன் டாலர் என்று செய்தி வந்ததிலிருந்து நம்மில் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று கட்சி. பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டுவதற்குள் ஒரு சுற்று வாக்குவாதம். முருகன் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே இன்னொரு சுற்று. ‘ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாது’ என்கிறது ஒரு கட்சி. ‘இடித்துத் தள்ளிவிட்டு எல்லா ஆட்டத்தையும் பரமட்டா ஸ்டேடியத்துக்குக் கொண்டு போ’ என்கிறது இன்னொரு கட்சி. ‘எங்கள் கேம்பல்டவுன் மைதானத்தைப் பற்றி ஏன் ஒருவரும் வாயே திறப்பதில்லை’ என்பது மூன்றாவது. வீட்டில் இருப்பவர்கள் பாவம். ரக்பி லீக் என்றால் பதின்மூன்று பேர் ஆடுவது, யூனியன் என்றால் பதினைந்து பேர் என்ற அளவுக்கு மேல் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள்கூட இப்போது கவுன்சில் பட்ஜெட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

சண்டை போடுங்கள், தப்பில்லை. ஆனால் யாரும் கணக்கைப் பார்த்துவிட்டுச் சண்டை போடுவதாகத் தெரியவில்லை.

மூர் பார்க்கில் பழைய ஃபுட்பால் ஸ்டேடியத்தை இடித்துவிட்டு 2022-ல் புதிதாகத் திறந்தார்களே, அதற்கு ஆன செலவு 800 மில்லியன் டாலருக்கு மேல். பென்ரித் மைதானத்துக்கு மாநில அரசு ஒதுக்கியது 309 மில்லியன். லைக்கார்டுக்கு மத்திய அரசு, மாநில அரசு, இன்னர் வெஸ்ட் கவுன்சில் மூன்றும் சேர்ந்து போடுவது 40. பென்ரித் தொகையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. இந்தப் பணத்தில் யாரும் புது ஸ்டேடியம் கட்ட முடியாது. ‘கான்கிரீட் கிண்ணம் ஆக்கிவிடுவார்கள்’ என்று பயப்படுகிறவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ‘உலகத் தரத்தில் கட்டு’ என்கிறவர்களும் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடலாம். 40 மில்லியனில் நடக்கக்கூடியது ரிப்பேரும் கொஞ்சம் விரிவாக்கமும்தான். அப்படியென்றால் பேச வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தப் பணம் முதலில் எங்கே போக வேண்டும்?

அதைப் பேசுவதற்கு முன்னால் ‘தொடக் கூடாது’ கட்சிக்கு. நானும் மனதளவில் உங்கள் ஆள்தான். லில்லிஃபீல்ட் வீதிகளில், வராந்தா வைத்த சின்னச் சின்ன வீடுகளுக்கு நடுவே, கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளைச் சட்டைக் கூட்டத்தோடு இறங்கிப் போகும் அந்த நடை வேறு எந்த மைதானத்திலும் கிடையாது. அயர்ன் கோவ் நீர்ப்பரப்பு பக்கத்தில். அதைச் சுற்றி ஏழு கிலோமீட்டர் பே ரன் பாதையில் ஓடுகிறவர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒட்டினாற்போல் கவுன்சிலின் நீச்சல் குளம். உள்ளே போனால் வெய்ன் பியர்ஸ் மேடு. வெறும் புல் சரிவு. துண்டை விரித்து உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன புளிச்சாதத்தைத் திறந்தால் வறுத்த வெங்காய வாசனையும் பியர் வாசனையும் அதோடு கலந்துகொள்ளும். முன்னால் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று மேட்டின் உச்சியிலிருந்து உருண்டு வந்து யாருடைய சிப்ஸ் பொட்டலத்திலாவது மோதி நிற்கும். அந்தப் பிள்ளையின் அப்பா மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த முறை உருள அதை மேலே அனுப்பி வைப்பார். இருக்கை எண் பார்த்து உட்காரும் ஸ்டேடியத்தில் இது நடக்காது.

இந்த மைதானம் 1934-லிருந்து இருக்கிறது. நம் அணியின் முன்னோடியான பால்மெய்ன் டைகர்ஸ் 1908-ல் போட்டி தொடங்கியபோதே இருந்த சங்கங்களில் ஒன்று. பதினொரு பட்டம் வென்றது, கடைசியாக 1969-ல். அதற்குப் பிறகு 1988-லும் 1989-லும் இறுதியாட்டம் வரை போய்த் தோற்றது. 1989 இறுதியாட்டத்தில் கூடுதல் நேரம் வரை போய் கான்பெராவிடம் 19-14 என்று தோற்றதைப் பற்றி லில்லிஃபீல்ட் முதியவர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் நடுவரைத் திட்டாமல் விடமாட்டார். 2016-ல் அணியிலிருந்து ஒதுக்கப்பட்ட ராபி ஃபாரா, சீசனின் கடைசி ஆட்டம் முடிந்த பிறகு இங்குள்ள ஸ்கோர்போர்டின் மேல் ஏறி உட்கார்ந்து பியர் குடித்த படம் நாடெங்கும் போனது. வேறு மைதானமாக இருந்தால் அந்த ஸ்கோர்போர்டின் மேல் ஒரு மனிதன் ஏறவே முடியாது.

சரி, இதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த அன்பை வைத்துக்கொண்டு நாம் ஒரு காரியத்துக்குத் துணை போகிறோம். ‘உலகின் எட்டாவது அதிசயம்’ என்று நாமே பெயர் வைத்துக் கொஞ்சிக் கொஞ்சி, பராமரிக்காமல் விட்டதையெல்லாம் பழமை என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். கழிப்பறை வரிசை பழமை அல்ல. சக்கர நாற்காலியோடு வந்தவர் எந்த வழியாகப் போவது என்று முழிப்பது பழமை அல்ல. மழை வந்தால் ஸ்டாண்டில் இடம் கிடைத்த கொஞ்சப் பேர் தவிர மற்ற எல்லோரும் நனைவது, வேண்டுமானால் பழமை என்று வைத்துக்கொள்ளலாம், அதில் ஒரு குஷி இருக்கிறது. ஆனால் முட்டி வலியோடு எழுபது வயதில் சரிவில் உட்கார்ந்து நனைவதில் என்ன குஷி?

2022 ஜூலையில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? அன்றைக்கு லீக் ஆட்டம்கூட இல்லை. பள்ளிப் பையன்களின் ரக்பி யூனியன் ஆட்டம். ஸ்டாண்டின் கைப்பிடித் தடுப்பு உடைந்து, அதில் சாய்ந்து நின்று கத்திக்கொண்டிருந்த மாணவர்கள் கீழே விழுந்தார்கள். பெரிய விபரீதமாகாமல் போனது அதிர்ஷ்டம். அந்த வீடியோவைப் பார்த்த பிறகும் ‘ஒரு செங்கல்லைத் தொடாதே’ என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. புறநகர் மைதானங்களைப் புதுப்பிப்பதாகச் சொல்லியிருந்த பெரோட்டேயின் மாநில அரசு, வெள்ள நிவாரணத்துக்குப் பணம் வேண்டும் என்று லைக்கார்ட், புரூக்வேல், குரோனல்லா மைதானங்களைக் கைவிட்டது. ‘வாக்குக் கொடுத்துவிட்டு மாறினால் இறுதியாட்டத்தை பிரிஸ்பேனுக்குக் கொண்டு போய்விடுவேன்’ என்று லீக் ஆணையத் தலைவர் பீட்டர் வ்லாண்டிஸ் மிரட்டிப் பார்த்தார், கடைசியில் ஆட்டம் சிட்னியிலேயே நடந்தது. லிஸ்மோரில் கூரை வரை தண்ணீர் ஏறி வீட்டை இழந்தவர்களுக்குப் பணம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சொல்ல வருவது என்னவென்றால், மைதானத்துக்கு ஒதுக்கிய பணம் எப்போது வேண்டுமானாலும் ஆவியாகும். 2020-ல் ஒலிம்பிக் பார்க் ஸ்டேடியத்தின் 800 மில்லியன் திட்டமும் கொரோனாவில் அப்படித்தான் போனது. ரசிகர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்று தெரிந்தால், பணத்தைத் திருப்பிக்கொள்ள ஆட்சியில் இருப்பவருக்கு அதைவிட வசதியான சாக்கு வேண்டுமா?

இப்போது பரமட்டாக் கட்சி. உங்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் பாதி அந்தப் பக்கம். தூங்காபியிலிருந்து ரயில் ஏறினால் நேரே போய் இறங்கலாம். 2019-ல் திறந்த அந்த ஸ்டேடியம் அருமையானது, மறுக்கவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் கண்ணுக்கு எட்டும். ஆனால் அங்கே நாம் யார்? அது ஈல்ஸ் அணியின் வீடு. அங்கே நடந்த முதல் லீக் ஆட்டமே ஈஸ்டர் திங்கட்கிழமை நமக்கு எதிராகத்தான், ஸ்கோர் 51-6. இன்னும் ஈல்ஸ்காரர் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதை ஞாபகப்படுத்துவார்.

அதைவிட முக்கியமான விஷயம், ‘பரமட்டாவுக்குப் போனால் கூட்டம் வரும்’ என்பது ஏற்கெனவே செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட சோதனை. 1995-ல் பால்மெய்ன் அணி தன் பெயரையே சிட்னி டைகர்ஸ் என்று மாற்றிக்கொண்டு, லைக்கார்டை விட்டுப் பரமட்டா ஸ்டேடியத்துக்குக் குடிபோனது. பேட்டை பெயர் வேண்டாம், ஊர் முழுக்க ரசிகர்களைப் பிடிக்கலாம் என்ற கணக்கு. இரண்டே சீசன். 1997-ல் பெயரும் பால்மெய்ன், மைதானமும் லைக்கார்ட் என்று திரும்பி வந்தார்கள். அதற்குள் சூப்பர் லீக் என்ற எதிர்ப்போட்டி கிளப்பிய சண்டையில் ஆட்டமே இரண்டாகப் பிளந்து, அணிகளைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வந்து, 1999-ல் வெஸ்டர்ன் சபர்ப்ஸ் மாக்பைஸோடு இணைந்து இன்றைய வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ஆனது வேறு கதை.

மைதானத்தை மட்டும் காப்பாற்றினால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. வடக்கு சிட்னி ஓவலைப் பாருங்கள். அழகில் லைக்கார்டுக்கு ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லுவேன், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் அங்கே ஆடிய பேர்ஸ் அணி முதல்நிலை லீக்கிலிருந்து போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அந்தப் பெயர் 2027-ல் திரும்பி வரப்போகிறது, வந்து நிற்கப்போகும் ஊரோ பெர்த். மைதானம் சிட்னியில், அணி கண்டத்தின் மறு கோடியில். நல்ல டிரஸ்ஸிங் ரூமும் வருமானத்துக்கு வழியும் இல்லாத மைதானத்தை எந்தச் சங்கமும் பாசத்துக்காக மட்டும் வருடக்கணக்கில் வைத்திருக்காது.

கேம்பல்டவுன்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உங்கள் புகார் நியாயமானது. இணைப்பு நடந்ததே இரண்டு சங்கங்களுக்கு நடுவில். வெஸ்ட்ஸ் பக்கத்து ரசிகர் கூட்டம் உங்கள் பகுதியில்தான், ஜனத்தொகை பெருகுவதும் அங்கேதான், ஆனால் பாட்டும் கண்ணீரும் எல்லாம் லைக்கார்டுக்கே. அந்த மைதானத்துக்கும் பணம் கேளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வேண்டுகோள்: ‘லைக்கார்டுக்குக் கொடுக்காதே’ என்று கேட்காதீர்கள். அவர்களுக்குக் கொடுக்காததால் நமக்கு வந்தது என்று சிட்னி மைதான வரலாற்றில் நான் எதையும் பார்த்ததில்லை.

இனி பணம் எங்கே போக வேண்டும் என்ற விஷயம். என் வரிசையில் முதலில் வருவது பெண்கள் டிரஸ்ஸிங் ரூம். சிரிக்காதீர்கள். நம் சங்கம் 2023-லிருந்து பெண்கள் லீக்கிலும் ஆடுகிறது. கால்பந்தில் சிட்னி எஃப்சி பெண்கள் அணியும் இங்கே ஆடியிருக்கிறது. ஆனால் 1930-களின் மைதானங்களில் டிரஸ்ஸிங் ரூம் என்றால் என்ன? ஒரு பெரிய அறை, சுவரோரம் மரப் பெஞ்சு, சட்டை மாட்ட ஆணி, தடுப்பே இல்லாத திறந்த குளியல், சிறுநீர் கழிக்கச் சுவரோடு ஒரு நீள எஃகுத் தொட்டி. ஆண்கள் மட்டும்தான் ஆடுவார்கள் என்று நினைத்துக் கட்டியது. என் மகள் சனிக்கிழமைகளில் பேட்டை அணிக்கு ஆடுகிறாள். அவளும் அவள் தோழிகளும் ஜெர்சியை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்து, சேற்றோடு காரில் ஏறித் திரும்பிப் போகிறார்கள், ஏனென்றால் அந்தச் சின்ன மைதானத்தில் அவர்களுக்கென்று ஒரு கதவு கிடையாது. பெரிய மைதானம் முதலில் மாறினால்தான் சின்ன மைதானங்களுக்கும் அது வழக்கமாகும். அதுவும் இரண்டு அறை போதாது. பெண்கள் ஆட்டமும் ஆண்கள் ஆட்டமும் ஒரே நாளில் அடுத்தடுத்து நடக்கும்போது நான்கு அணிகள் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும். முதல் ஆட்டக்காரர்கள் குளித்து முடிப்பதற்குள் இரண்டாம் ஆட்டக்காரர்கள் கட்டுப் போட்டு, மசாஜ் முடித்து, வார்ம்-அப் போக வேண்டும். நான்கு அறை வேண்டும்.

இரண்டாவது கழிப்பறை. இதை விளக்க வேண்டியதில்லை. இடைவேளையில் மேட்டிலிருந்து எழுந்து போன பெண்கள் இரண்டாம் பாதியின் முதல் ட்ரையைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

மூன்றாவது, வயதானவர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் வாசலிலிருந்து இருக்கை வரை ஒருவர் கையையும் எதிர்பார்க்காமல் வரும் பாதை, அவர்கள் தலைக்கு மேல் ஒரு கூரை. நம் அப்பா அம்மா ஆறு மாத விசாவில் வந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்களே, அவர்களை ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டிப்போக இதைவிட நல்ல இடம் எது? ஆட்டம் புரிய வேண்டும் என்றுகூட இல்லை. ஆறு டேக்கிளுக்குள், அதாவது எதிரணி ஆறு முறை பிடித்து நிறுத்துவதற்குள், கோட்டைத் தாண்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால், கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு மீதி தானாகப் பிடிபட்டுவிடும்.

மேடு அப்படியே இருக்க வேண்டும். புல்லைத் தூக்கிவிட்டு பிளாஸ்டிக் இருக்கை போட்டால் கொள்ளளவும் குறையும், டிக்கெட் விலையும் ஏறும். நான்கு பேர் உள்ள குடும்பம் யோசிக்காமல் வரக்கூடிய இடம் அது ஒன்றுதான். மான்லி அணிக்காரர்களைப் பாருங்கள். புரூக்வேலில் 2022-ல் பயிற்சி மையத்தோடு புது ஸ்டாண்ட் கட்டினார்கள், ஆனாலும் அங்கே உட்காரப் புல்மேடு இன்னும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ள முடியும்.

கார்ப்பரேட் அறைகள் விஷயத்தில் உங்களில் பலருக்கு என்மேல் கோபம் வரலாம். கண்ணாடிக்குப் பின்னால் இறால் சாப்பிட்டுக்கொண்டு ஆட்டம் பார்ப்பவர்கள் எனக்கும் பிடிக்காது. ஆனால் சங்கம் ஏன் சில ஆட்டங்களைப் பெரிய ஸ்டேடியத்துக்குக் கொண்டு போகிறது? அங்கே அந்த அறைகளை விற்க முடிகிறது. லைக்கார்டில் அதற்குக் கொஞ்சமும் இடம் இல்லையென்றால் இங்கே ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கை வருடா வருடம் தேயும். கொஞ்சம் கட்டட்டும். மேலே சொன்ன மூன்றும் முடிந்த பிறகு, மிச்சத்தில்.

பார்க்கிங் கட்ட வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இடமும் இல்லை, பக்கத்தில் காலன் பார்க்கில் ஒரு மரத்தை வெட்டக்கூட அந்த ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. லில்லிஃபீல்டிலோ லைக்கார்ட் நார்த்திலோ டிராமிலிருந்து இறங்கி நடக்கலாம். நடக்க முடியாதவர்களுக்கு அந்த நிறுத்தங்களிலிருந்து ஆட்ட நாட்களில் ஒரு ஷட்டில் பஸ் விட்டால் போதும்.

அப்புறம், அணி எப்படி ஆடுகிறது என்பதை இதில் கலக்காதீர்கள். 2022, 2023, 2024 என்று மூன்று வருடம் தொடர்ந்து கடைசி இடம் பிடித்து மரக்கரண்டி வாங்கிய அணிக்கு மைதானம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். அந்த மூன்று வருடமும் மேட்டுக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். 2005 இறுதியாட்டத்தில் பெஞ்ஜி மார்ஷல் பின்பக்கமாகத் தட்டிவிட்ட பந்தை பாட் ரிச்சர்ட்ஸ் கொண்டு போய் வைத்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் தன் பிள்ளைகளைக் கூட்டி வருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. மைதானம் கவுன்சிலுடையது. திட்டத்தைப் பற்றிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போதெல்லாம் எழுதுங்கள், கேட்காவிட்டாலும் எழுதுங்கள். லைக்கார்டில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. உங்கள் வரிப்பணமும் அந்த 40 மில்லியனில் இருக்கிறது. ‘பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று பொதுவாக எழுதினால் நன்றி சொல்லி ஒரு பதில் வரும், அவ்வளவுதான். பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். வரைபடத்தில் டிரஸ்ஸிங் ரூம் எத்தனை, அதில் பெண்களுக்கு ஏற்றது எத்தனை? இப்போது பெண்கள் கழிப்பறை எத்தனை, வேலை முடிந்ததும் எத்தனை? கூரைக்குக் கீழே சக்கர நாற்காலிக்கு எத்தனை இடம், பக்கத்தில் உடன் வருபவருக்கு இருக்கை உண்டா? மேட்டில் எத்தனை மீட்டர் புல் குறைகிறது? பணம் பற்றாமல் போனால் முதலில் எதை வெட்டுவீர்கள், கழிப்பறையையா கார்ப்பரேட் அறையையா?

கடைசிக் கேள்வியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

அன்புடன்,
ஹோம்புஷிலிருந்து ஒரு டைகர்ஸ் ரசிகன்